மதுரையைக் கண்ட மக்ரிபு நாட்டுப் பயணி

தாம்பரம் ரயில் நிலையத்தில் அந்தி நேரத்தில் நின்று பார்ப்போர், முதுகில் பெரும் பையைச் சுமந்துகொண்டு தென்னாட்டு வண்டிக்குக் காத்திருக்கும் அயல்நாட்டு இளைஞர் ஒருவரையேனும் கண்டிருப்பர். மதுரையை ஒரு நாளில் சுற்றிப் பார்த்துவிட்டு மறுநாள் கன்னியாகுமரிக்குச் செல்வது அவர்தம் திட்டமாக இருக்கும். இத்தகையோரை வேடிக்கை பார்க்கும் நம் பிள்ளைகளிடம், இவர்களுக்கெல்லாம் மூத்த வழிப்போக்கர் ஒருவர் மதுரைக்கு வந்து சென்றார் என்று கூறினால் வியப்படைகின்றனர். அவர் பெயர் இப்னு பதூதா என்றதும், தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் நம்மிடம் பாடம் கேட்கும் மாணவர் பலர், 'துபாயில் அப்பெயரில் பெரிய கடைவீதி இருக்கிறதே! அத்தா சொல்லியிருக்கிறார்' என்கின்றனர். அந்தப் பெயருக்குரியவர் வைகைக் கரையில் காய்ச்சலில் படுத்துக் கிடந்தார் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் உண்டு. அவர் மதுரையில் கண்டவை இனிய காட்சிகள் அல்ல. நம் மேடைகளில் 'மதுரையையும் சுல்தான்கள் ஆண்டனர்' என்று ஒரு வரி பெருமையாகக் கூறப்படும். அடுத்த வரி கூறப்படுவதில்லை. வேறு சிலரோ அந்த அத்தியாயமே நமக்கு வேண்டாம் என்று ஒதுக்கிவிடுகின்றனர். அவ்வத்தியாயத்தை எழுதியவர் யாரோ பகைவர் அல்லர். மாலிக்கி மத்ஹபைச் சேர்ந்த மார்க்க அறிஞர், டில்லியிலும் மாலத்தீவிலும் காழியாக இருந்தவர், அந்தச் சுல்தானுக்கே உறவினர். ஆகவே அதை முழுமையாகவே படித்துப் பார்ப்போம்.

ஹிஜ்ரி 703இல், அதாவது 1304இல், மொராக்கோ நாட்டுத் தன்ஜா நகரில் பிறந்த இப்னு பதூதா, 1325இல் தம் இருபத்தொன்றாம் வயதில் ஹஜ்ஜை நாடித் தனியே புறப்பட்டார். துணையும் இல்லை, சேர்ந்து செல்லக் கூட்டமும் இல்லை. அன்று புறப்பட்டவர் ஊர் திரும்பியது 1349இல்தான். எகிப்து, ஷாம், ஹிஜாஸ், யமன், கிழக்கு ஆப்பிரிக்கா, துருக்கி நாடு, மத்திய ஆசியா என்று சுற்றி 1334இல் டில்லியை அடைந்தார். முஹம்மது பின் துக்ளக் அவரைக் காழியாக அமர்த்தினார். பின்னர் சீனப் பேரரசரிடம் தூது செல்லப் பணிக்கப்பட்டுக் கோழிக்கோடு வரை வந்தபோது, காணிக்கைப் பொருள்களை ஏற்றிய கப்பல் புயலில் அழிந்தது. டில்லிக்குத் திரும்ப அஞ்சியவர் மாலத்தீவு சென்றார். அங்கே காழியானார், மணம் புரிந்தார், அமைச்சர்களோடு பிணங்கி வெளியேறினார். இலங்கையில் ஆரியச் சக்கரவர்த்தியின் விருந்தினராகி, பாவா ஆதம் மலையில் ஏறி இறங்கி, 1344ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தமிழகக் கரையை நோக்கிக் கப்பலேறினார்.

அக்கரையை அரபியர் 'மஅபர்' என்றனர். 'அபர' என்ற வினையிலிருந்து வந்த அச்சொல்லுக்குக் கடந்து செல்லும் துறை என்று பொருள். இன்று நாம் சோழமண்டலக் கரை என்று வழங்கும் பகுதியே அது. 1311இல் மாலிக் காஃபூர் படையெடுத்து வந்து சென்றபின், துக்ளக் ஆட்சியில் இப்பகுதி டில்லியின் ஒரு மாகாணமாயிற்று. அதன் ஆளுநராக வந்த ஜலாலுத்தீன் அஹ்ஸன், 1335 வாக்கில் டில்லிக்கு எதிராகக் கிளர்ந்து, தம் பெயரில் நாணயம் அடித்துத் தாமே சுல்தான் ஆனார். மதுரை அவர் தலைநகர். நாற்பது ஆண்டுகளுக்குச் சற்று மேல் நீடித்து, விஜயநகரத்தாரின் கைக்கு மாறிய சிற்றரசு அது.

இந்த அஹ்ஸனின் மகள் ஹூர்நஸப் என்ற அம்மையாரை டில்லியில் மணந்தவர் நம் பயணி. இரவில் விழித்து வணங்கும் நற்பெண்மணி என்றும், அவருக்கு வாசிக்கத் தெரியும், எழுதத் தெரியாது என்றும் குறித்துள்ளார். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. தாயும் மகளும் பின்னர் என்னவானார்கள் என்பது தமக்குத் தெரியாது என்று எழுதிவிட்டு அப்பால் செல்கிறார். உலகம் சுற்றியவர்களின் வீட்டுக் கணக்கு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது! அஹ்ஸனின் இன்னொரு மகளை மணந்த கியாதுத்தீன் தாமகானி, இவர் வந்த சமயத்தில் மதுரைச் சுல்தான். ஆக, நம் வழக்கில் சொன்னால், பயணியும் சுல்தானும் சகலைகள்.

கரையை நெருங்கும்போது கப்பல் ஆழமற்ற நீரில் தரை தட்டியது. பாய்மரத்தை வெட்டி எறிந்தனர். மரங்களைக் கட்டித் தெப்பம் செய்தனர். தெப்பத்தில் எல்லோருக்கும் இடமில்லை. தோழர்களையும் தமக்கு உரிய ஒரு பெண்ணையும் அதில் அனுப்பிவிட்டு, நீர் புகுந்துகொண்டிருந்த கப்பலின் பின்பகுதியில் ஏறி, விடியும்வரை அங்கேயே இருந்தார் இப்னு பதூதா. விடிந்ததும் படகில் வந்து அவரைக் கரைசேர்த்தவர்கள் அவ்வூர் மக்களாகிய இந்துக்கள். தாங்கள் சுல்தானுக்கு வேண்டியவர்கள் என்று இவர்கள் சொன்னதை நம்பி, சுல்தானுக்குச் செய்தி அனுப்பிவிட்டு, மூன்று நாள் வைத்துப் பேணினர்.

அம்மூன்று நாளில் அவருக்கு அளிக்கப்பட்ட உணவு நமக்குச் சுவையான செய்தி. நல்ல மீன் கொடுத்தனர். தர்பூசணி போன்ற ஒரு பழம் கொடுத்தனர். அது மரத்தில் காய்க்கிறது, உள்ளே பஞ்சு போன்ற நார், நாரிலே தேன் போன்ற சாறு, அதைப் பிழிந்தெடுத்துச் சர்க்கரை போன்ற ஓர் இனிப்பு செய்கின்றனர், அதன் பெயர் 'தால்' என்கிறார். பனம்பழம் என்று நம் வீட்டுச் சிறுவனும் சொல்லிவிடுவான். கோடையில் தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டுச் செல்லும் பெருஞ்சாலையோரம் நுங்கு விற்கும் இடங்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதில் ஐயம் வராது. அரபு நாட்டாருக்குத் தெரிந்த 'முக்ல்' என்னும் பனையினத்தின் பெயரால் மரத்தைக் குறித்து, 'தாலம்' என்று பனைக்கு வழங்கும் இந்நாட்டுச் சொல்லைத் தம் காதுக்குக் கேட்டவாறு எழுதி வைத்திருக்கிறார். ஒரு பயணியை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதற்கு இத்தகைய சிறு குறிப்புகளே நல்ல உரைகல். பனம்பழத்தைச் சரியாகப் பார்த்த கண் மற்றவற்றையும் சரியாகவே பார்த்திருக்கும் என்று எண்ண இடமுண்டு.

சுல்தான் இரண்டு நாள் தொலைவில் பாசறையில் இருந்தார். குதிரைகளும் பல்லக்கும் அனுப்பி விருந்தாளியை அழைத்துவரச் செய்தார். காலுறை அணியாமல் சுல்தான் முன்னிலையில் செல்லுதல் வழக்கமில்லை. கடலில் தப்பியவரிடம் காலுறை ஏது? அங்கே முஸ்லிம்கள் பலர் இருந்தும், தம்மிடம் இருந்ததைத் தந்தவர் ஓர் இந்துதான். நம்மவரைவிட அவர் பண்பில் மேம்பட்டிருந்தது தமக்கு வியப்பளித்தது என்று இப்னு பதூதா ஒளிக்காமல் எழுதுகிறார். படகு தந்தவர், பழம் தந்தவர், காலுறை தந்தவர் ஆகிய மூவரும் அந்நாட்டு இந்துக்களே என்பதை வாசகர் நினைவில் வைக்க வேண்டும். ஏனெனில், அடுத்து அவர் காணப்போவது அவர்களைப் போன்றவர்களுக்கு நேர்ந்த கதி.

காட்டு வழியே படை சென்றபோது எதிர்ப்பட்ட ஊரார் ஆண், பெண், குழந்தை என்ற வேறுபாடின்றிப் பிடிக்கப்பட்டனர். கூர்மையாகச் சீவிய கழுமரங்களை அவர்கள் தோளிலேயே ஏற்றிப் பாசறைக்குக் கொண்டுவந்தனர். மறுநாள் காலை பாசறையின் நான்கு வாயில்களிலும் என்ன நடந்தது என்பதை அவர் விரித்தே எழுதியுள்ளார். குடும்பங்களில் படிக்கப்படும் இவ்விதழில் அதை அப்படியே தர நம் எழுதுகோல் கூசுகிறது. தாய்மாரும் மடியிலிருந்த பிள்ளைகளும் தப்பவில்லை என்பதோடு நிறுத்துகிறோம்.

இன்னொரு நாள் சுல்தானுடன் உண்டுகொண்டிருந்தார். சுல்தானின் வலப்பக்கம் காழி, இடப்பக்கம் நம் பயணி. ஒருவனை அவன் மனைவியோடும் ஏழு வயது மகனோடும் கொண்டுவந்து நிறுத்தினர். அவன் தலையை வெட்டுமாறு சைகை செய்த சுல்தான், மனைவியையும் மகனையும் சேர்த்துக்கொள்ளுமாறு பாரசீகத்தில் சொன்னார். இப்னு பதூதா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எழுந்தபோது தலைகள் தரையில் கிடந்தன. மற்றொரு நாள் ஒருவனைக் கொண்டுவந்ததும் சுல்தான் ஏதோ கூற, ஏவலர் கத்தியை உருவினர். இவர் விரைந்து எழுந்தார். எங்கே செல்கிறீர் என்று சுல்தான் கேட்க, அஸர் தொழச் செல்வதாகக் கூறினார். காரணம் புரிந்துகொண்ட சுல்தான் சிரித்துவிட்டு, அம்மனிதனின் கைகால்களைத் துண்டிக்க ஆணையிட்டார்.

இச்செயல்களைப் பற்றி அவர் வழங்கும் தீர்ப்பில் வழவழப்பு இல்லை. வேறெந்த அரசரிடமும் தாம் கண்டறியாத இழிசெயல் இது என்றும், இதன் பொருட்டே அல்லாஹ் அச்சுல்தானின் முடிவை விரைவுபடுத்தினான் என்றும் எழுதிவிடுகிறார். டில்லியில் முஹம்மது பின் துக்ளக்கின் கொடிய தண்டனைகளை எட்டாண்டுகள் பார்த்தவர் இவ்வாறு கூறுகிறார் என்பதையும் கருத வேண்டும். போரிலுங்கூடப் பெண்களையும் சிறுவர்களையும் கொல்லலாகாது என்ற நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றிருப்பது; மத்ரஸாவில் ஓதிய எவருக்கும் தெரிந்தது. வலப்பக்கம் அமர்ந்திருந்த காழிக்குத் தெரியாதா? அவர் உணவுத் தட்டை விட்டு எழுந்ததாகக்கூடச் செய்தி இல்லை. அந்தக் காழியின் மௌனமே நம்மை மிகவும் வாட்டுகிறது.

பயணியும் அங்கேயே எழுந்து நின்று தடுத்திருக்கலாம் அல்லவா என்று நம் மாணவர் ஒருவர் கேட்டார். நேர்மையான கேள்வி. அவர் தடுக்கவில்லை. அதுமட்டுமன்று, அந்நாட்களிலேயே மாலத்தீவின் மீது படையெடுக்குமாறு அதே சுல்தானைத் தூண்டிக்கொண்டிருந்தார். தாம் மணந்த குடும்பத்தாரிடமும் பிணங்கிய அமைச்சர்களிடமும் கணக்குத் தீர்க்கும் எண்ணம் அவருக்கு இருந்தது. சுல்தானும் இசைந்தார். மூன்று மாதங்களுக்குக் கடற்பயணம் இயலாது என்று கடற்படைத் தலைவர் கூறியதால்தான் அத்திட்டம் தள்ளிப்போயிற்று. இதையும் அவரே எழுதியிருக்கிறார். நாம் அவரை இறைநேசர் வரிசையில் வைக்கவில்லை. சாட்சி சொல்பவரின் வரிசையில் வைக்கிறோம். தம் குறையையும் தம் உறவினரின் கொடுமையையும் ஒரே மையால் எழுதியவரின் சாட்சியத்துக்கு எடை கூடுதல்.

பாசறையிலிருந்து அவர் முதலில் சென்றது 'ஃபத்தன்' என்ற துறைமுகப் பட்டினத்திற்கு. அது எவ்வூர் என்பதில் ஆய்வாளர் பலவாறு கூறுவர். இராமநாதபுரம் கரையிலுள்ள பெரியபட்டினம் என்பது வலுவான கருத்து. 1980களில் அங்கு நடந்த ஆய்வுகளில் சீனப் பீங்கான் ஓடுகள் மிகுதியாகக் கிடைத்தன. தடித்த மரத்தூண்கள் மேல் எழுப்பிய மண்டபம், கல்லால் கட்டிய அழகிய பள்ளிவாசல், திராட்சை, மாதுளை ஆகியவற்றை அங்கே கண்டார். நைசாப்பூரைச் சேர்ந்த ஷெய்கு முஹம்மது என்ற பெரியாரையும் கண்டார். அவரிடம் பழக்கப்பட்ட சிங்கம் ஒன்று இருந்தது. ஃபகீர்களோடு அமர்ந்து உண்டது. அந்த ஃபகீர்களில் ஒருவர் வளர்த்த மானும் அதே இடத்தில் இருந்தது. சிங்கம் அதை ஒன்றும் செய்யவில்லையாம். பாசறைக்கும் இவ்விடத்துக்கும் தொலைவு சில நாள் வழிதான்.

பிறகு மதுரை. 'முத்ரா' என்று அவர் எழுதும் அந்நகர் பெரியது, தெருக்கள் அகலமானவை. அதை முதலில் தலைநகராக்கியவர் தம் மாமனாரே என்றும், டில்லியைப் போன்று அமைத்துச் செம்மையாகக் கட்டினார் என்றும் கூறுகிறார். நகர வருணனை அவ்வளவுதான்! பாண்டியர் நெடுங்காலம் வீற்றிருந்த ஊரைத் தம் மாமனார் தலைநகராக்கினார் என்று எழுதுகையில், அவர்களுடைய மதுரை அவர் பார்வையில் படவே இல்லை என்பது விளங்குகிறது. மீனாட்சியம்மன் கோயிலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பயணி தம் ஆட்களோடு தங்குகிறார், தம் மொழி பேசுவோரோடு பேசுகிறார். நகரத்தின் பாதி அவருக்கு மூடியே கிடக்கிறது. இன்றைய முதுகுப்பைப் பயணிக்கும் இது பொருந்தும்.

நகர மதிலில் அவர் கண்ட ஒன்றைக் குறித்துள்ளார். ஹொய்சள மன்னர் மூன்றாம் வீர வல்லாளரின் உடல், தோலுக்குள் வைக்கோல் திணிக்கப்பட்டு அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. 1342இல் கண்ணனூர்க் கொப்பத்தில் நடந்த போரில் அம்மன்னர் பிடிபட்டார். விடுதலை செய்வதாகச் சொல்லி அவரிடமிருந்த செல்வமும் யானைகளும் குதிரைகளும் பறிக்கப்பட்டன. பின்னர் அவர் கொல்லப்பட்டார். வாக்குறுதி மீறப்பட்டதையும் பயணி மறைக்கவில்லை. அதே இடத்தில் நாம் கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தி உண்டு. வல்லாளரின் படையில் ஏறத்தாழ 20,000 முஸ்லிம்கள் இருந்தனர் என்கிறார். ஓடிவந்த அடிமைகள், குற்றவாளிகள் என்று அவர்களை இகழ்ந்தாலும், இருந்தனர் என்பதை ஒப்புகிறார். 1311இல் பாண்டியர் பக்கத்திலும் முஸ்லிம் வீரர்கள் இருந்ததை அமீர் குஸ்ரூ எழுதியுள்ளார். அதற்கும் முன்னரே பாண்டிய மன்னரின் அமைச்சராகத் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் விளங்கியதை வஸ்ஸாஃப் என்னும் பாரசீக வரலாற்றாசிரியர் கூறுகிறார். குதிரை வாணிகத்தோடும் முத்தோடும் இக்கரையில் வேரூன்றிய நம் முன்னோர், பாண்டியரின் குடிகளாகவும் அவைக்களத்தாராகவும் வாழ்ந்தவர்கள். டில்லியிலிருந்து வாளோடு வந்து நாற்பது ஆண்டு ஆண்டவர்களைக் கொண்டு நம் வரலாற்றைத் தொடங்குவோர், இருபக்கத்திலும் உள்ளனர். அவர்கள் இருவருமே காயலையும் கீழக்கரையையும் மறந்துவிட்டுப் பேசுகின்றனர்.

பயணி மதுரையை அடைந்தபோது அங்கே கொள்ளைநோய். 'வபா' என்ற பொதுச்சொல்லால் அதைக் குறிக்கிறார். நோய் கண்டவர் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, மிஞ்சினால் நான்காம் நாளோ இறந்தனர். வெளியே சென்றால் நோயாளி அல்லது மய்யித்து, வேறில்லை. அஹ்ஸனிடம் அமைச்சராக இருந்த ஒருவரின் மனைவி, எட்டு வயதுச் சூட்டிகையான மகனுடன் வந்து தம் வறுமையைச் சொன்னார். இவர் ஏதோ கொடுத்தார். இருவரும் நலமாகவே இருந்தனர். மறுநாள் அதே தாய் மகனுக்குக் கஃபன் துணி கேட்டு வந்தார். அரண்மனையில் நெல் குத்துவதற்காகக் கொண்டுவரப்பட்ட நூற்றுக்கணக்கான பெண்கள் நோயுற்று வெயிலில் தரையில் கிடந்ததையும் அவர் கண்டார். சுல்தானின் மகன் இறந்தான், தாய் இறந்தார், பின்னர் சுல்தானும் இறந்தார். யோகி ஒருவர் இரும்புத்தூள் கலந்து செய்து தந்த வீரிய மாத்திரைகளை அளவுக்கு மீறி உண்டதால் அவர் முன்பே உடல் நலிந்திருந்தார் என்பதும் பயணியின் குறிப்பு.

அண்ணன் மகன் நாஸிருத்தீன் அரியணை ஏறினார். டில்லியில் ஊழியராக இருந்து, ஃபகீர் வேடத்தில் தப்பி வந்தவர் அவர். பயணிக்கு 300 பொற்காசும் ஆடையும் அளித்தார். அதே கையோடு, தம் அத்தை மகனைக் கொன்று அவன் மனைவியைத் தாம் மணந்துகொண்டார்.

இப்னு பதூதாவுக்கும் கடும் காய்ச்சல் கண்டது. இறந்துவிடுவோம் என்றே எண்ணினார். அவ்வூரில் மிகுதியாகக் கிடைத்த புளியை உண்ண வேண்டும் என்று அல்லாஹ் உள்ளத்தில் உதிக்கச் செய்தான் என்கிறார். ஏறத்தாழ ஒரு ராத்தல் புளியை நீரில் கரைத்துக் குடித்தார்; மூன்று நாள் வயிறு கழிந்தது; காய்ச்சல் நீங்கியது. புளிக்கு அரபியில் 'தம்ர் ஹிந்தி', இந்தியப் பேரீச்சை என்று பெயர். ஐரோப்பிய மொழிகளில் புளிக்கு வழங்கும் பெயரும் இதிலிருந்து பிறந்ததே. மதுரை மாநகரம் அவருக்குச் செய்த ஒரே நன்மை அந்தப் புளிக்கரைசல்தான் போலும்! அந்நகரை வெறுத்துவிட்ட அவர் விடை கேட்டார். மாலத்தீவுப் படையெடுப்புக்கு இன்னும் ஒரு மாதமே உள்ளது, இருந்து செல்க என்று புதிய சுல்தான் தடுத்தார். முன்பு அத்திட்டத்தைத் தூண்டியவர் இப்போது அதைக் காதில் வாங்கவில்லை. ஃபத்தனுக்குச் சென்று, யமனுக்குப் புறப்பட்ட கப்பல்களுள் ஒன்றில் ஏறிக் கொல்லத்தில் இறங்கினார்; உடல் தேறும்வரை மூன்று மாதம் அங்கேயே தங்கினார்.

கொல்லத்திலிருந்து வடக்கே செல்லும்போது பன்னிரண்டு கப்பல்களில் கொள்ளையர் வந்து சூழ்ந்தனர். இலங்கை மன்னர் தந்த மணிகள், பெரியோர்கள் அருளோடு அளித்த ஆடைகள், எல்லாம் போயின. புகாராவில் அறிஞர்களின் கல்லறைகளிலிருந்து படியெடுத்து வைத்திருந்த குறிப்புகளும் கடற்கொள்ளையில்தான் போயின என்று வேறோரிடத்தில் வருந்துகிறார். அரையில் ஒரு கால்சட்டை மட்டும் மிஞ்சியது. ஆகவே, மதுரையைப் பற்றி 1355இல் ஃபெஸ் நகரில், மொராக்கோ சுல்தானின் ஆணைப்படி இப்னு ஜுஸய்யுக்கு அவர் சொல்லி எழுதுவித்தவை, பதினோர் ஆண்டுகள் நெஞ்சில் சுமந்தவை. கைக்குறிப்பு ஏதுமின்றி வெறும் நினைவிலிருந்து சொன்ன ஒருவருக்கு, அந்தச் சிறுவனின் வயது ஏழு என்பதும், கஃபன் கேட்ட தாயின் மகனுக்கு வயது எட்டு என்பதும் மறக்கவில்லை.

கொள்ளையர் கரையில் இறக்கிவிட்ட பின் அவர் கோழிக்கோட்டுக்கு வந்து ஒரு பள்ளிவாசலுள் நுழைந்தார். மார்க்க அறிஞர் ஒருவர் அவருக்கு ஓர் ஆடை அனுப்பினார். அவ்வூர்க் காழி தலைப்பாகை அனுப்பினார். வணிகர் ஒருவர் இன்னோர் ஆடை அனுப்பினார்.